உங்களுக்காவது பரவாயில்லை: அன்றாடப் புலம்பலில் எதிர்ப்புலம்பல் மரபு, ஓர் ஆய்வு

0. பாயிரம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், ஒரு நூலின் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்திகள் இருக்க வேண்டும் என்றார். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு என்று சேர்த்துக்கொண்டார். ஆய்வேட்டுக்குப் பக்கம் போதாத இக்காலத்தில் பதினொன்றே நமக்கு உவப்பு.

ஆக்கியோன் பெயர்: நெறியாளர் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் வரும்.
வழி: முதல்நூல் கீழ்வீட்டு அக்கா, வழிநூல் மாடிவீட்டுப் பெண், சார்புநூல் இது.
எல்லை: வடக்கே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, தெற்கே தெருமுனை டீக்கடை, கிழக்கே அலுவலகம், மேற்கே ரத்தப் பரிசோதனைக் கூடம்.
நூற்பெயர்: மேலே காண்க. இன்னும் நீளமாக இருந்தது, அச்சகத்தார் மறுத்துவிட்டனர்.
யாப்பு: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்ற நான்கில் இது விரித்தல்.
நுதலிய பொருள்: வேலையும் உடம்பும் வீடும் தரும் அன்றாட மேடுபள்ளங்களைத் தமிழர் புலம்பியே கடக்கின்றனர் என்பது.
கேட்போர்: எழுந்து போக முடியாதவர்.
பயன்: பதவி உயர்வு.
காலம்: கரண்ட் பில் வரும் மாதம்.
களம்: மாடிப்படி.
காரணம்: கருத்தரங்கக் கட்டணம் கட்டியாயிற்று, திருப்பித் தரமாட்டார்கள்.

1. முன்னாய்வுகளும் அவற்றின் போதாமையும்

முன்னாய்வுகளைப் படிப்பதன் நோக்கம், அவை போதாதவை என்று காட்டுவது. படிக்காமலும் காட்டலாம். பலர் காட்டியும் இருக்கிறார்கள். இக்கட்டுரையாளர் பழைமைவாதி ஆதலால் படித்துவிட்டே காட்டுகிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, அவற்றுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன் வகுத்தார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இந்நான்கும் இன்றைய மாதச் சம்பளக்காரரின் நாட்குறிப்பைப் பார்த்து எழுதியவை போல இருக்கின்றன. இளிவாவது பிறரால் எளியனாக்கப்படுதல். அஃது ஆண்டிறுதி அப்ரைசல். இழவாவது உள்ளதை இழத்தல். டிபன் பாக்ஸின் மூடி மட்டும் தொலைவது. அசைவாவது பழைய நிலை கெடுதல். ஜன்னலோர இருக்கையிலிருந்து கழிவறைப் பக்கத்து இருக்கைக்கு மாற்றப்படுதல். வறுமை, ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குப் பிறகு. ஆனால் அழுகையை எட்டில் ஒன்றாகச் சொன்னவர் புலம்பலை அவ்வெட்டில் சேர்க்காமல் போனார். அழுகை கண்ணீரோடு முடிவது; புலம்பல் 'சரி, வரேன்' என்ற பிறகும் கதவைப் பிடித்தபடி நின்று தொடர்வது. இவ்வேறுபாட்டை இளம்பூரணரும் பேராசிரியரும் தத்தம் உரையில் குறிக்காதது வியப்புக்குரியது. (இந்த வாக்கியம் எல்லா ஆய்வேடுகளிலும் இருக்க வேண்டும் என்பது விதி.)

மேலைநாட்டார் இத்துறைக்குப் பிந்தி வந்தனர். 1967இல் ஹோம்ஸ், ரேஹி என்ற இருவர், மனிதனை நோய்க்கு ஆளாக்கும் வாழ்க்கை நிகழ்வுகள் 43 எனக் கண்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் இட்டனர். வாழ்க்கைத்துணை இறப்பு 100, திருமணம் 50, மேலதிகாரியோடு பிணக்கு 23, கிறிஸ்துமஸ் 12. மணவழி உறவினரோடு தகராறு 29. தனிப்பட்ட பெருஞ்சாதனை 28. ஒரு மதிப்பெண்ணே வேறுபாடு. எங்கள் பகுதியில் இவ்விரண்டும் ஒரே நிகழ்வு என்று சாதிப்பாரும் உளர் (மூன்றாம் வீட்டு மருமகள், வாய்மொழி, துணி காயப்போடும் கொடியருகே). பட்டியலின் பெருங்குறை வேறு. வேலைக்கார அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போவதற்கு அதில் மதிப்பெண்ணே இல்லை.

இக்குறையை ஓரளவு உணர்ந்தவர்கள் கேனர், காயின், ஷேஃபர், லாசரஸ் என்னும் நால்வர். 1981இல் இவர்கள் பெரிய இடிகளை விட்டுவிட்டுச் சின்னத் தூறல்களை எண்ணினர். எடை கூடுவது, விலைவாசி, வீட்டு மராமத்து, வைத்த பொருளைக் காணாமல் தேடுவது என்று 117 தொல்லைகள். நன்றாகத் தூங்கினேன், எடுத்த காரியத்தை முடித்தேன் என்பன போன்று 135 இன்பங்கள். மரணமும் மணமுறிவும் மனத்தைக் கெடுப்பதைவிட, இந்தச் சில்லறைத் தொல்லைகளே நாள்தோறும் சேர்ந்து அதிகம் கெடுக்கின்றன என்பது அவர்கள் முடிவு. கீழ்வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, "இதுக்கு எதுக்குய்யா நாலு பேரு?" என்றார். ஆயினும் 117 தொல்லைக்கு 135 இன்பம் என்ற கணக்கு ஒன்றே, அந்நால்வரும் நம் மாடிப்படிக்கு வந்ததில்லை என்பதற்கு அகச்சான்று.

1984இல் லாசரஸும் ஃபோக்மனும் சமாளிப்பை இரண்டாகப் பிரித்தனர். சிக்கலை நேரே தீர்ப்பது ஒன்று. சிக்கலால் வந்த மனவருத்தத்தை ஆற்றிக்கொள்வது மற்றொன்று. புலம்பல் இரண்டாம் வகையில் அடங்கும் என்று மேலோட்டமாகத் தோன்றும். அப்படித் தோன்றினால் இக்கட்டுரைக்கு வேலை இல்லை. ஆகவே அடங்காது.

2. திணைப் பாகுபாடு

எதையும் ஐந்திணையில் அடைக்காமல் தமிழில் ஆய்வு செய்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

குறிஞ்சி: மலையும் மலைசார்ந்த இடமும் ஆதலின், லிப்ட் பழுதான நான்கு மாடிக் குடியிருப்பு. சிறுபொழுது யாமம், முழங்கால் வலி அப்போதுதான் பேசத் தொடங்கும்.

முல்லை: உரிப்பொருள் இருத்தல், அஃதாவது காத்திருத்தல். பெரும்பொழுது கார்காலம், கூரை ஒழுகும் காலமும் அதுவே. பழைய தலைவன் கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிப் போனான், வந்தும் விட்டான். பிளம்பர் "பத்து நிமிஷத்துல வரேன் சார்" என்று சொல்லிப் போனார். தலைவியின் வளை நெகிழ்ந்ததைப் பாடப் பெரும்புலவர்கள் இருந்தனர். குளியலறைக் குழாயின் வாஷர் நெகிழ்ந்து இராப்பகலாகச் சொட்டுவதைப் பாட ஒருவரும் இல்லை.

மருதம்: ஊடல். வைகறையில் யார் எழுந்து பால் பாக்கெட் எடுப்பது.

நெய்தல்: இரங்கல். சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் இத்திணைக்குரிய நிலம். நிலையத்தின் பெயரிலேயே கடல் இருப்பது தற்செயலன்று. 1931இல் ஓடத் தொடங்கிய இவ்வழித்தடம், மேலதிகாரி குறித்த புலம்பலை அன்றுமுதல் சுமந்துவருகிறது. கருப்பொருள்: உணா, சுண்டல், புள், காக்கை, பறை, தாமத அறிவிப்பு செய்யும் ஒலிபெருக்கி, தெய்வம், அடுத்த ரயில். சிறுபொழுது எற்பாடு. மாம்பலத்தில் இடம் கிடைத்தவர் புலம்பலை நிறுத்திவிட்டுத் தூங்குவதை நோக்க, இத்திணையின் புலம்பல் பெரும்பாலும் நிற்பவர்க்கே உரியது என்பது பெறப்படும்.

பாலை: பிரிதல். நண்பகலில், குழம்பு பாதி கொதிக்கையில், 14.2 கிலோ சிலிண்டர் உயிரை விடுவது.

கைக்கிளை: வாடிக்கையாளர் சேவை எண்.

பெருந்திணை: மனிதவளத் துறையோடு மனம்விட்டுப் பேசுதல்.

3. எதிர்ப்புலம்பல்

3.1 மூலபாடம்

புலம்பல் ஒருவர் செய்வது. எதிர்ப்புலம்பல் இருவர் செய்வது. ஒருவர் தம் துயரைச் சொன்னவுடன், கேட்டவர் அதைவிடப் பெரிய துயர் ஒன்றைத் தம்மிடமிருந்து எடுத்து மேலே வைப்பது. இதன் மிகச் சிறந்த சான்று ஒரு பழைய குடியிருப்பின் மாடிப்படித் திருப்பத்தில் கிடைத்தது. பாடம் சிதைவின்றி வருமாறு:

கீழ்வீட்டு அக்கா: முட்டி விட்டுப் போச்சும்மா. ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல.
மாடிவீட்டுப் பெண்: உங்களுக்காவது முட்டியோட போச்சுக்கா. எனக்கு இடுப்புலேர்ந்து கணுக்கால் வரைக்கும் இழுக்குது. நரம்புன்னு சொல்றாரு டாக்டர்.
அக்கா: டாக்டராவது சொன்னாரே. எங்க டாக்டர் நிமிர்ந்தே பாக்கல. ரிப்போர்ட்டப் பாத்தாரு, எழுதுனாரு, அடுத்து யாருன்னாரு. சுகர் வேற ஏழு புள்ளி எட்டு.
பெண்: மூணு மாசச் சுகரா? எங்க வீட்டுக்காரருக்கு ஒன்பதுக்கா. சொன்னாக் கேக்குறாரா? போன வாரம் கல்யாணத்துல ரெண்டு ஜாங்கிரி.
அக்கா: கேக்குறாரான்னு கேக்குறதுக்காவது ஒருத்தர் இருக்காரே.
(இங்கே ஏடு சிதைவு இல்லை. இருவரும் பேசவில்லை.)
பெண்: ... சிலிண்டர் வந்துச்சாக்கா?
அக்கா: எனக்கு எதுக்கு, ஒண்டிக்கட்டைக்கு ஒரு சிலிண்டர் மூணு மாசம் வருது. ஏன், உனக்குத் தீந்து போச்சா?
பெண்: காலைலதான்.
அக்கா: என்கிட்ட ஒண்ணு நிக்குது. பையன விட்டு எடுத்துக்க.

3.2 உரை

'முட்டி விட்டுப் போச்சும்மா' என்றது துயரின் முதல் ஆட்டம். 'பொட்டு' என்றது அளவு குறித்த இழிவுசிறப்பு. தூக்கம் பொட்டளவும் இல்லை எனவே, கொட்டாவி இருந்ததூஉம் கொள்க.

'உங்களுக்காவது' என்றது இவ்வாய்வின் உயிர்நாடி. எதிராளியின் நோயை மறுக்காமல், அதை அவருக்குக் கிடைத்த பேறாக மாற்றித் தருவது இச்சொல்லின் தொழில். 'முட்டியோட போச்சு' என்றதனான், நோய் எல்லை தாண்டாமல் நின்றது அக்காவின் நல்லூழ் என்பதாயிற்று.

'டாக்டராவது சொன்னாரே' என்ற இடம் நுட்பமுடையது. மாடிவீட்டுப் பெண்ணின் மருத்துவரை உயர்த்துவது போலத் தாழ்த்தி, தம் மருத்துவரைத் தாழ்த்துவது போல உயர்த்தினார் அக்கா. நிமிர்ந்து பாராத மருத்துவரே பெரிய மருத்துவர் என்பது உலகவழக்கு ஆகலின்.

'மூணு மாசச் சுகரா' என்ற வினா அறியாமையால் வந்ததன்று. கையில் உள்ள சீட்டின் மதிப்பை உறுதிசெய்துகொள்ளக் கேட்டது. வெறும்வயிற்றுச் சர்க்கரை ஒரு நாளின் அளவு. முந்தின இரவு பட்டினி கிடந்தால் இறங்கிவிடும். எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சர்க்கரை அப்படி ஏய்க்க முடியாதது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை அணு சாகும்வரை போகாது. ஆகவே பழைய ஜாங்கிரிகளுக்கெல்லாம் அது சாட்சி. 6.5 சதவீதம் தொட்டாலே நீரிழிவு என்ப. 7.8இன் மேல் 9 விழவே அக்கா கை இழந்தார் என்க.

'ரெண்டு ஜாங்கிரி' என்ற பாடத்தில் பேதம் உண்டு. இங்கே சற்றுத் தங்க வேண்டியிருக்கிறது.

மாடிவீட்டுப் பெண்ணின் பாடம் இரண்டு. அவர் கணவர் பாடம், 'ஒண்ணு, அதுவும் பாதியப் பக்கத்து இலைக்குத் தள்ளிட்டேன்' (தன்னிலை விளக்கம், சாப்பாட்டு மேசை). இப்பாடம் கணவரின் அம்மா எதிரில் 'சும்மா ருசி பாத்தேன்' என்று திருத்தப்பட்ட மறுபதிப்பாகக் கிடைக்கிறது. அதே பந்தியில் எதிர்வரிசையில் இருந்த மைத்துனர் பாடம் மூன்று, ஆனால் மைத்துனர்க்கும் அவர்க்கும் ஒரு பைக் விற்ற வகையில் மனத்தாங்கல் இருப்பதால் இப்பாடத்தைத் தனித்து ஏற்பதற்கில்லை (மைத்துனர், மண்டப வாசல், வெற்றிலை போட்டபடி, கேட்டெழுதியவர் பெரிய அத்தை, பெரிய அத்தைக்குக் காது கேளாது என்ற சின்ன அத்தையின் மறுப்புரை, 'எனக்குக் கேக்கும், கேக்க வேண்டியது மட்டும் கேக்கும்' என்ற பெரிய அத்தையின் மறுப்புக்கு மறுப்பு, ஈஸிசேர்ப் பதிப்பு, காபி சிந்திய பக்கம், இடப்புறம்). உ.வே. சாமிநாதையர் ஒரு பாடத்துக்காக ஊர் ஊராகச் சுவடி தேடி நடந்தார். சிந்தாமணி 1887இல் பதிப்பாகி வெளிவந்தது. அம்முறையைப் பின்பற்றிப் பரிமாறியவரையே தேடிப் போய்க் கேட்டதில், 'இலைக்கு ஒண்ணுதான் சார் கணக்கு. கேட்டா வைப்போம்' என்றார். கேட்டாரா என்பதே வினா. கேட்டிருந்தால் இரண்டு, மறுமுறையும் கேட்டிருந்தால் மூன்று, 'வேண்டாம்' என்று இலைமேல் கையைக் குறுக்கே வைத்திருந்தால், தமிழ்ப் பந்தியில் அதற்கு 'இன்னும் ஒன்று வை' என்று பொருளாதலின், நான்கு. ஆக, மூலபாடம் நான்கு என்பது இவ்வாய்வாளர் துணிபு. மனைவி சொன்ன இரண்டு, அவர் பார்த்த இரண்டு.

நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் முதல் வரியிலிருக்கும் முட்டியை எடுத்து சில வரி தாண்டியுள்ள ஜாங்கிரியோடு மாட்டிப் பொருள் கண்டிருப்பார். பத்துப்பாட்டில் அவர் அப்படிச் சொற்களைப் பிடுங்கி நட்டதைப் பழித்தவர்கள், தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலையும் ஆறாம் இயலையும் எந்தக் கயிற்றால் கட்டினார்கள் என்பதும் ஆராயத்தக்கது.

'கேக்குறதுக்காவது ஒருத்தர் இருக்காரே' என்றது ஆட்டத்தின் முடிவு. இதன்மேல் எதிர்ப்புலம்பல் எழாது. எழுந்தால் அது புலம்பலன்று, பண்பின்மை. மாடிவீட்டுப் பெண் ஒரு கணம் நின்று சிலிண்டருக்குத் தாவியது தோல்வி என்று முதலில் பதிவுசெய்யப்பட்டது. பின்னர் மேற்படிப் பெண் முறைத்ததனால் 'இடக்கர் தவிர்ப்பு' என்று திருத்தப்பட்டது.

சிலிண்டர் கைமாறிய செய்தி ஆய்வெல்லைக்குப் புறம்பானது, விடப்பட்டது.

3.3 ஏறுவரிசை

எந்தத் துயர் எதை வெல்லும் என்பதற்கு எழுதாச் சட்டம் உண்டு. எக்ஸ்ரேயை ஸ்கேன் வெல்லும். ஸ்கேனை எம்.ஆர்.ஐ. வெல்லும். எம்.ஆர்.ஐ.யை 'எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லேங்கிறாங்க' என்பது வெல்லும். பெயரில்லா நோய்க்கு மேல் நோய் இல்லை.

வீட்டுத் துறையில், கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் ஆட்டமும் இருமாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டியவருக்குக் கட்டணக் கணக்கே வேறு படிக்கு மாறிவிடும். புலம்பலிலும் அவருக்கு மேல்படி. 'நாங்க ஏசியே போடல, அதுக்கே இவ்ளோ' என்பவர் அவரையும் வெல்வார். ஏசி போட்டுவிட்டு அப்படிச் சொல்பவர் எல்லாரையும் வெல்வார்.

அலுவலகத் துறையில் டார்கெட்டை ஞாயிற்றுக்கிழமை மீட்டிங் வெல்லும். அதை, 'நீங்க இல்லாம ஆபீஸ் நடக்காதுன்னு சொல்லிச் சொல்லியே லீவு தரமாட்றாங்க' என்பது வெல்லும். பின்னது புலம்பலா பெருமையா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருவர் பேசாமலே இருக்கின்றனர்.

4. கேட்போர் இலக்கணம்

மாணாக்கர்க்குப் பவணந்தியார் சொன்ன உவமைகள் புலம்பல் கேட்போர்க்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. அவர் மனத்தில் இதுவே இருந்திருக்க வேண்டும்.

அன்னம்: நோயையும் மிகையையும் பிரித்து, நோய்க்கு மட்டும் 'அடடா' சொல்பவர். அரிது.
மண்: கொட்டிய உழைப்புக்கு ஏற்ப விளைவது. மெதுவாகச் சொன்னால் 'ம்'; கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னால் காபி.
கிளி: கேட்டதை அப்படியே அடுத்த வீட்டில் சொல்வது.
இல்லிக்குடம்: ஓட்டைக் குடம். நேற்றுக் கேட்டதை இன்று 'எந்த முட்டி?' என்பவர். கணவன்மார் இவ்வகை.
ஆடு: இங்கொரு வாய், அங்கொரு வாய் மேய்வது. 'அப்படியா பாவம், ஆமா நம்ம நாலாம் நம்பர் வீடு வித்துடுச்சாமே?'
எருமை: குளத்தைக் கலக்குவது. உங்கள் முட்டிவலியைக் கேட்டு, முட்டிவலியால் செத்துப்போன தம் சித்தப்பாவைப் பற்றிச் சொல்பவர்.
நெய்யரி: நெய்யைக் கீழே விட்டுக் கசடை மட்டும் மேலே பிடித்துவைப்பது. வீட்டில் நடந்த நல்லதெல்லாம் ஒழுகிப் போகும். வீட்டுக்காரர் சண்டை மட்டும் தங்கும்.

எஞ்சியது ஆ, பசு. மேய்ந்ததைப் பின்னர் அசைபோடுவதால் பவணந்தியார் இதை முதல் வகுப்பில் வைத்தார். அமெரிக்க உளவியலார் அமாண்டா ரோஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வோ, இரு தோழியர் ஒரே தொல்லையைத் திரும்பத் திரும்பச் சேர்ந்து அசைபோட்டால் நட்பும் நெருங்குகிறது, மனச்சோர்வும் கூடுகிறது என்றது. பவணந்தியார் சரியா, ரோஸ் சரியா? இருவரும் சரி என்று எழுதினால் நெறியாளர் கையெழுத்திடுவார்.

கேட்போர் இல்லாமல் தாளிடம் புலம்பும் வழியும் உண்டு. உளவியலார் பென்னிபேக்கர் 1986இல் மாணவர் சிலரைத் தம் வாழ்வின் வேதனைகளை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் செய்தார். எழுதிய கையோடு அவர்கள் மனம் கனத்தது; ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவ நிலையத்துக்கு அவர்கள் போனது குறைந்தது. அக்காவிடம் இம்முறையை விளக்கி நோட்டும் பேனாவும் கொடுத்தோம். மளிகைக் கணக்கு எழுதித் திருப்பித் தந்தார். அதில் துவரம்பருப்பின் விலைக்கு எதிரே இருந்த இரண்டு வியப்புக்குறிகளை உளவியலார் பார்வைக்கு அனுப்பலாம்.

பவணந்தியார் சொல்லாமல் விட்ட வகை ஒன்று உண்டு: தீர்வுரைப்பார். 'முட்டி வலிக்குதா? பிசியோ போங்க. சிலிண்டர் தீந்துடுச்சா? இண்டக்ஷன் வாங்கிடுங்க. மேனேஜர் சரியில்லையா? வேற வேலை பாத்துக்குங்க.' இவர் வந்ததும் மாடிப்படி காலியாகும். இவரை லாசரஸ் முதல் வகையில் பாராட்டுவார். அக்கா மனிதர் வகையிலேயே சேர்க்கமாட்டார்.

5. புலம்பல் களவு

பல்கலைக்கழக மானியக்குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்து. மாடிப்படியில் இவ்விதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. கீழ்வீட்டு அக்காவின் முட்டிவலி ஒரே வாரத்தில் மூன்றாம் வீட்டில், அதே காலில், அதே 'பொட்டுத் தூக்கமில்ல' என்ற சொற்றொடரோடு வெளிவந்தது. மேற்கோள் குறி இல்லை, அடிக்குறிப்பு இல்லை. அக்காவிடம் முறையிட்டபோது, "பாவம், அவளுக்கும் வயசாகுதுல்ல" என்று விட்டுவிட்டார். இப்பெருந்தன்மை பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அங்கே அதற்கு வழிகாட்டிக் குழு என்று பெயர்.

6. முடிவுகள்

ஒன்று, அன்றாடத் தொல்லைகளைத் தமிழர் புலம்பியே சமாளிக்கின்றனர். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. மெய்ப்பிக்கப்படாத கருதுகோளை இக்கட்டுரையாளர் எந்த ஆய்வேட்டிலும் கண்டதில்லை.

இரண்டு, எதிர்ப்புலம்பலில் வென்றவர்க்குப் பரிசு என்ன என்று ஆராய்ந்ததில், ஒன்றும் இல்லை எனத் தெரிந்தது. தோற்றவர்க்கு ஒரு சிலிண்டர் கிடைத்தது. இத்தரவு முன்பே விலக்கப்பட்டதால் இங்கும் கணக்கில் கொள்ளப்படவில்லை.

மூன்று, மேற்படி மாடிப்படியில் அன்று மாலைக்குள் அனைவர்க்கும் தெரிந்திருந்த செய்திகள்: அக்காவால் படியேற முடியாது; மாடிவீட்டுக்காரரைக் கல்யாணப் பந்தியில் கண்காணிக்க வேண்டும்; அக்கா தனியாக இருக்கிறார். எவரும் எவரிடமும் உதவி கேட்கவில்லை. மறுநாள் அக்காவின் பால் பாக்கெட் வாசலிலேயே இருந்தது, மாடிவீட்டுப் பையன் எடுத்துவந்து வைத்தது. கேட்காமல் கேட்பதும் கொடுக்காததுபோல் கொடுப்பதும் புலம்பலின் பயனா என்ற ஐயம் எழலாம். இதற்கு அளவுகோல் இல்லாமையால் எழவிடவில்லை.

நான்கு, மேலாய்வுக்கு இடமுண்டு. குறிப்பாக ஜாங்கிரித் துறையில்.

பரிந்துரை: பல்கலைக்கழகங்கள்தோறும் மாடிப்படி இருக்கை நிறுவுக. நிதி இல்லையேல், படியில் ஒரு பாய் விரித்தாலும் போதும்.

விதிப்படி இக்கட்டுரையைப் புறநிலைத் தேர்வாளர் ஒருவர் பார்வைக்கு எடுத்துச் சென்றேன். பேராசிரியர் தலைப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "உங்களுக்காவது எழுத நேரம் கிடைக்குது. என் மேசையப் பாருங்க. இத்தனையும் திருத்தணும். கழுத்த இப்படித் திருப்ப முடியல. பென்ஷன் ஃபைல் வேற எந்த மேசையில தூங்குதுன்னு தெரியல" என்றார். இரண்டாம் பக்கத்துக்கு அவர் போகவில்லை. நானும் கழுத்துக்கு எதுவும் பரிந்துரைக்கவில்லை. 'அடடா' என்று மட்டும் சொன்னேன். அரைமணி நேரம் கழித்து மிக உயர்ந்த தரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.